வெந்நீரில் வெளுத்தது

முகத்தில் ஒரு கண்தான் மிச்சம் இருந்தது. மூக்கு வாளியின் அடியில் கிடந்தது. மிதந்த உதட்டை ராத்மிலா கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்தாள்.

“உள்ள என்னடி பண்றே?” பக்கத்து வீட்டு தேசாங்கா காபிக் கோப்பையோடு வந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, மேயரையே வேக வெச்சுட்டியா?”

அது மேயரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட். தேர்தலுக்காகக் கட்சி கொடுத்தது, ஆளுக்கு ஒன்று. குடமிளகாய்த் தொக்கு கிளறும்போது மேயரின் கன்னத்தில் தெறித்துவிட்டது.

ராத்மிலா பாலர் பள்ளியில் சமையல்காரி. வெள்ளைத் துணி என்றால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த துவைப்பு. பள்ளி மேசைவிரிப்புகள் அப்படித்தான் வெள்ளை வெளேரென்று வரும்.

இதுவும் வெள்ளை வெளேரென்றுதான் வந்திருந்தது. தோளில் கட்சியின் பெயர் மட்டும், அது நூலால் தைத்தது என்பதால், அப்படியே இருந்தது.

“வேக வைக்க இது என்ன பீன்ஸா? படம் போட்ட துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பணும்டி. பச்சைத் தண்ணில அலசணும். முறுக்கக் கூடாது. நிழல்ல போடணும். என் பையன் காலேஜ்ல வாங்கினதை இன்னும் போட்டுட்டுத் திரியறான், ஒரு விரிசல் கிடையாது.”

“இப்பச் சொல்லி என்னக்கா? விடிஞ்சா கூட்டத்துக்கு பஸ் வந்துடும்.”

தேசாங்கா கோப்பையைக் கீழே வைத்தாள். போன தேர்தலில் தபால்காரர் டி-ஷர்ட் இல்லாமல் பஸ் ஏறினார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றார். இப்போது ஊராருக்கு விறகு பிளந்து கொடுக்கிறார். ராத்மிலாவின் வேலையோ ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் அதை நீட்டிப்பதா வேண்டாமா என்பது கட்சிச் செயலாளர் ஒப்ராத்தின் கையில் இருந்தது.

“உன்னோடதைக் குடேன்க்கா. கால் வலின்னு சொல்லி நீ வீட்ல இருந்துக்கோ.”

“என் பையன் குடிநீர் வாரியத்துல இருக்கான்டி. எனக்குக் கால் வலிச்சா அவனுக்கு வேலை போயிடும்.”

உரிந்த துண்டுகளை இருவரும் சட்டையின் மேல் பொருத்தினார்கள். காகிதத்தை வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் தேசாங்கா. ராத்மிலா மெதுவாக அழுத்தினாள். காகிதத்தை எடுத்தபோது மிச்சமிருந்த கண்ணும் அதோடு வந்துவிட்டது.

“அக்கா…”

“வேற என்ன வழி இருந்துச்சு, சொல்லு?”

ராத்மிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

காலையில் அதையேதான் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வேறு சட்டை போட்டால் கட்சியை மறுத்ததாகிவிடும். நெஞ்சில் சாம்பலாக ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு காது. கைப்பையைத் தூக்கி அதன்மேல் பிடித்துக்கொண்டாள்.

சதுக்கத்தில் பஸ் நின்றது. நகராட்சிக் கட்டடத்தில் ஏணி சாத்தி, மேயரின் பெரிய படத்தை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இதைவிடப் பெருசா மாட்டப் போறாங்க போல,” என்றாள் தேசாங்கா.

பஸ்ஸில் ஏறியவர்கள் பாடவில்லை. சாண்ட்விச் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. படியருகே ஒப்ராத் நின்றிருந்தார். வெயில் அந்த நேரத்துக்கே சுட்டது. ஆனாலும் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றியிருந்தார்.

“பையை எடு,” என்றார்.

ராத்மிலா எடுத்தாள்.

அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் திரும்பின. தேசாங்கா மெல்ல நகர்ந்து தள்ளி நின்றுகொண்டாள். ஒப்ராத் ராத்மிலாவின் முழங்கையைப் பற்றி பஸ்ஸுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“வேணும்னு பண்ணலண்ணே. கறை பட்டிருந்துச்சு, வெந்நீர்ல போட்டேன். என் புருஷனுக்கும் வேலை இல்ல. இதையும் விட்டா நாங்க…”

“கத்தாதே.” அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். “வெறும் வெந்நீரா?”

“சோடாவும் போட்டேண்ணே.” என்றாள். “கொதிக்க விட்டுட்டேன். தப்புதான்.”

“எவ்வளவு நேரம்?”

“தொக்கு இறக்கற வரைக்கும்.”

ஒப்ராத் ஜிப்பை இறக்கினார். உள்ளே மேயர் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“விடியக்காலையில இவனைப் போலீஸ் தூக்கிடுச்சு. டிவிக்காரங்க வர்றதுக்குள்ள அத்தனை பேரும் கழட்டித் தர்றோம், வேக வெச்சுக் குடும்மா.”