அழித்த படங்கள்

கடல் கடந்து அடைக்கலம் புகுந்த தாய்மாரைச் சந்தித்து, காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்தாள் யாழரசி. பதிவுகளை அங்கேயே ஒரு தோழியிடம் ஒப்படைத்தாள். யார் பெயரும் சிக்கிவிடக் கூடாதென்று, ஊர் திரும்பும்போது கைபேசியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். மகளின் படங்களும் போயின.

வந்திறங்கிய விமான நிலையத்தில் சோதனை அதிகாரி கைபேசியை வாங்கித் திறந்தார். கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தன.

"ஒரு படம்கூட இல்லையே. உங்களுக்கு யாருமே இல்லையாம்மா?"

மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள்; அந்தத் தாய்மாரில் ஒருவர் காட்டிய பையனின் முகம்தான் வந்தது.

"இருக்காங்க" என்றாள்.

அவர் வெற்றுத் திரையையே சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு, தூங்கும் குழந்தையைத் தருவதுபோல் இரு கைகளாலும் கைபேசியைத் திருப்பித் தந்தார்.