இழுப்பு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்று முணுமுணுத்தபடி பெரியவர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சாய்ந்திருக்கும் பேத்தியின் கழுத்துக்குழி, ஜன்னல் வெயிலில், மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வருகிறது. குழந்தைகளின் மூச்சுக்குழாயை ஆராயும் டாக்டரம்மா, காலையிலிருந்து முப்பது பிள்ளைகளைப் பார்த்த களைப்பில், தலை நிமிராமல் படிவத்தைப் படிக்கிறாள். "வீசிங் உண்டா?" "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா." 'இல்லை' என்று டிக் அடிக்கிறாள். "நல்லது. ஆராய்ச்சியில நோயில்லாத பிள்ளைங்களோட சேர்த்துக்கறேன். மருந்து வேண்டாம்." "மருந்து வேண்டாமா? பூனைக்குட்டி மாதிரி இழுக்குதே, அதுக்கு?" பேனா நிற்கிறது. "இழுப்பா? அதைத்தானே தாத்தா கேட்டேன்!" "நீ எங்கம்மா கேட்டே? எதையோ வீசறதையில்ல கேட்டே." அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்க்கிறாள். மேசையில் குவிந்திருக்கும் மற்ற பிள்ளைகளின் 'இல்லை'களைப் பார்க்கிறாள். பிறகு குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்கிறாள். கடைசியில் ஒரு இன்ஹேலரை நீட்டி, "இதை வாயில வெச்சு நல்லா இழுக்கச் சொல்லுங்க," என்கிறாள். "இழுப்புக்கு மருந்தும் இழுக்கறதுதானா? நல்லா இருக்கு கதை!" அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேத்தியைத் தோளில் தூக்கியபடி, நம்பிக்கையில்லாமலே வெளியே நடக்கிறார்.