ஒரு போன் உண்டா?

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?" ஆபரேஷன் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள் நர்ஸ்.

"யாருமில்ல," என்றாள் தையல்கார அக்கா, பட்டென்று.

முப்பது வருஷம் மெஷின் மிதித்துத் தேய்ந்த முழங்காலை மாற்ற வந்திருந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிற பிரச்சினை?"

"இல்ல."

"இருக்கு! எனக்கு இருக்கு!"

வாசலில் மூச்சு வாங்க நின்றாள் தங்கை. "ஆபரேஷனை நிறுத்துங்க. முதல்ல அக்காவுக்கு ரத்தத்தைச் சோதிக்கணும். தையல் கடைக்குப் போனேன், இங்க இருக்கிறதாச் சொன்னாங்க. ஓடி வர்றேன்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு வருஷமா இருக்கேனா செத்தேனான்னு ஒரு போன் உண்டா? குறுக்கே நிக்க மட்டும் வந்துட்டியா?"

அடுத்த படுக்கைக்காரிக்கும் சேர்த்துச் சொன்னாள்: "அம்மா போன அன்னிக்கு என்கூட சண்டை போட்டவ. அதோட சரி. கல்நெஞ்சுக்காரி!"

அடுத்த படுக்கைக்காரியும் தங்கையை ஒரு மாதிரிதான் பார்த்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். தங்கை கையிலிருந்த ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினாள்.

"கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு டாக்டர். வேற ஏதாவது காரணமா இருக்கும்னு பாத்தாங்க, அது இல்ல. ரத்தம் உறையாமப் பாத்துக்கிற புரோட்டீன் எனக்குக் கம்மியாம். பரம்பரையா வர்றதாம், கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். போன வாரம்தான் தெரிஞ்சுது."

ஆபரேஷன் தள்ளிப்போனது. சில நாளில் முடிவு வந்தது. அக்காவுக்கும் அதே குறை.

"தெரியாமக் கத்தி வச்சிருந்தா, கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்கே போயிருக்கலாம்," என்றார் டாக்டர். "இனி அதுக்குண்டான ஊசியோட ஜாக்கிரதையாப் பண்ணிக்கலாம்."

அவர் போனதும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. கடையில் தன் போன் அடித்தபோதெல்லாம் இவளோ என்று பாதித் தையலை விட்டுவிட்டு ஓடியவள். ஒவ்வொரு தடவையும் வேறு யாராவதுதான். அந்த ஏக்கம் மொத்தமும் கேள்வியாக வந்தது.

"போன வாரமே தெரியுமில்ல? அப்பக்கூட ஒரு போன் பண்ணத் தோணலையாடி உனக்கு?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"பண்ணியிருக்கணும்க்கா. தப்பு என்மேலதான்."

"சரி விடு, போனாப் போகுது." பெரிய மனசு பண்ணி மன்னித்தாள் அக்கா.

தங்கை மருந்து வாங்கக் கீழே போனாள். அவள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை நர்ஸிடம் நீட்டி, "என் தங்கச்சி நம்பர். என் போன்ல பேர் போட்டுக் குடும்மா," என்றாள் அக்கா.

எண்ணைத் தட்டிய நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த நம்பரை நீங்க பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களேம்மா."

"நானா?"

சண்டை போட்ட கையோடு போன் கடையில் போய் நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'இவ நம்பர் இனிமே வரவே கூடாது' என்று கடைக்காரனிடம் சொன்னவள் அவள்தான். ஆத்திரம் அடங்கியதும் அதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

தடுக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள் நர்ஸ். முழுக்க ஒரே எண். கடைசி அழைப்பு, ஆபரேஷனுக்கு வந்த அன்று காலை ஆறு பத்துக்கு. அக்கா விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.

முதல் அழைப்பு, அம்மா போன அன்று சாயங்காலமே வந்திருந்தது.