வெளிச்சம் பிடிப்பவள்

மேகம் வெயிலை விழுங்குவதும் துப்புவதுமாக இருக்கிறது. பூங்காப் புல்வெளியில் நடுவே அப்பாவும் அம்மாவும், இரு பக்கமும் மகன்களும் மருமகள்களும் நிற்கிறார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முகமெல்லாம் இருட்டு. அந்த வெயிலை முகத்துக்குத் திருப்பும் வெள்ளித் தட்டியைக் காற்று திரும்பத் திரும்பச் சாய்க்கிறது. "யாராவது பிடிச்சாத்தான் ஆகும்," என்கிறார் போட்டோக்காரர். "பெரியவளே, நீ போய்ப் பிடி," என்கிறாள் அம்மா. கணவனை விட்டு வந்துவிட்ட மூத்த மகள் வரிசையின் ஓரத்திலிருந்து விலகி வருகிறாள். "அக்கா படத்துல வேணாமா?" என்கிறான் சின்னவன். "ஹால்ல மாட்டுற படம்டா. ஜோடி ஜோடியா இருக்கட்டும். நாலு பேர் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" அப்பா தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெயிலோடு தூறல் தொடங்குகிறது. காற்று தட்டியைப் பிடுங்கப் பார்க்கிறது. அவள் காலை அகட்டி நின்று, அதை மார்போடு அணைத்து அம்மா பக்கம் திருப்புகிறாள். முந்தானை பறக்கிறது, இழுத்துச் செருகக் கையில்லை. அம்மாவின் முகத்தில் பத்து வயது குறைகிறது. கேமரா சொடுக்குகிறது.

எல்லோரும் ஓடிவந்து கேமராத் திரையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். போட்டோக்காரர் அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். "கண்ணுக்குள்ள என்ன அது, வெள்ளையா?" என்கிறாள் அம்மா.

"தட்டியோட வெளிச்சம்மா. அதுக்குப் பின்னால கருப்பா நிக்கிறது உங்க பொண்ணு."

அம்மா குனிந்து உற்றுப் பார்க்கிறாள்.

"அதை எடுத்துடுங்க."

"எடுத்தா கண்ணுல உயிர் இருக்காதும்மா."

"பரவாயில்ல. எடுத்துடுங்க."