தொண்ணூறு கிலோவுக்கு வந்தால்

கால் முட்டுக்குள் மணலைப் போட்டு அரைப்பதுபோல் வலித்தது பாஸ்கலுக்கு. அதைவிட எரிச்சல், தங்கை விஜிலா கொண்டுவந்து வைத்த தட்டு. அவித்த கொத்தவரங்காயும் அரைக் கிண்ணம் கேப்பைக் கூழும்.

"ஏளா, ரெண்டு படகு வச்சிருக்கவன் திங்குத சாப்பாடா இது? ஒரு துண்டு சீலாமீன் பொரிச்சுத் தந்தா கொறஞ்சா போயிருவ?"

"டாக்டர் சொன்னது காதுல விழலையா? நூத்திப் பதினெட்டு கிலோவோட முட்டு மாத்துனா புண்ணு ஆறாது, சீழ் வச்சிரும், வச்ச முட்டும் சீக்கிரம் தேஞ்சிரும். தொண்ணூறுக்கு வந்தாத்தான் ஆபரேஷன்னுட்டாரு. கூழைக் குடிண்ணே."

பெண்டாட்டியை இழந்த அண்ணனை எப்படித் தாங்குகிறாள் பார் என்று தருவைகுளம் ஊரே மெச்சியது. "ஒன்ன மாதிரி தங்கச்சி யாருக்குளா கெடைப்பா?" என்றாள் பக்கத்து வீட்டு ஆக்னஸ்.

விஜிலாவின் கணக்கு வேறு.

தன் படகு இன்ஜினைத் திருடி விற்றுவிட்டான் என்று அவள் புருஷன் கிளைட்டனை மீன் ஏலக்கூடத்தில் வைத்துச் செருப்பால் அடித்தவன் பாஸ்கல். அந்த அவமானத்தில் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான் கிளைட்டன். விற்றது பாஸ்கலின் சொந்த மகன் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஊர்க் கமிட்டி பழைய வழக்கப்படி தீர்ப்புச் சொன்னது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், ஊர் பார்க்க, பாஸ்கல் முட்டுக்கால் போட்டு விஜிலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"போட மாட்டேன்னா சொல்லுதேன்? முட்டு மடங்கலையே!" என்று கையை விரித்தான் பாஸ்கல். ஆபரேஷன் முடியட்டும் என்று கமிட்டியும் விட்டுவிட்டது.

மடங்க வைக்கிறேன் என்று அன்றைக்கு அவன் அடுப்படியில் நுழைந்தவள்தான் விஜிலா. எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பரோட்டாக் கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "எங்க அண்ணனுக்கு ஒரு பரோட்டா வித்தீங்கன்னா, கல்லாப்பெட்டிக்குள்ள மீன்தண்ணிய ஊத்திருவேன் அண்ணாச்சி."

அடுத்த தடவை டாக்டரிடம் பாஸ்கல் தனியாகப் போய்வந்தான். வந்ததிலிருந்து ஆளே மாறிப்போனான். தட்டைத் தள்ளவில்லை, கூழ்க் கிண்ணத்தை வழித்துக் குடித்தான். யாரும் சொல்லாமலே கம்பை ஊன்றிக்கொண்டு கடற்கரையில் நடந்தான்.

மனசு உறுத்துகிறது போல என்று நினைத்தாள் விஜிலா. ஆனாலும் ஒரு சொட்டு எண்ணெய் கூட்டிவிடவில்லை.

எடை இறங்கியது. இரண்டு கால் முட்டுகளையும் மாற்றினார்கள். சீழ் வைக்காமல் புண் ஆறி, சில மாதத்தில் கம்பில்லாமல் நடந்தான்.

அந்த ஞாயிறு, கிளைட்டனின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றாள் விஜிலா. ஊர் சுற்றி நின்றது. இருபது வயது குறைந்தவனைப்போல் நடந்துவந்தான் பாஸ்கல்.

"போடுண்ணே," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பாஸ்கல் கமிட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏளா, முட்டு மாத்துனவன் ஆயுசுக்கும் முட்டுக்கால் போடக் கூடாதுன்னு நான் தனியாப் போன அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு. ஒம் புருசனுக்கு நான் போட வேண்டிய முட்டுக்கால் கடனாவே கெடக்கட்டும்."