கை கொடுக்காத கரடி

“தீம் பார்க் டிக்கெட்டை மறுபடியும் ஏத்திட்டானுங்க. அவ்ளோ டப்பு குடுத்துப் பாக்க அங்க இன்னா கீது?”

ரெஜினா எத்தனை முறை சொல்லியும் மகள் ஜெனிஃபர் அடங்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே அங்கே டூர் அழைத்துப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையை வீசினாள்.

“நீ சொன்னது கரெக்ட்டும்மா. வேஸ்ட்டு.”

“ஏன்டீ?”

“கரடி வேஷம் போட்ட ஆளு எல்லாருக்கும் கை குடுத்துச்சு. நான் நீட்டுனா மட்டும் திரும்பிகினு போயிடுச்சு. ஆபீசுக்கு லீவு போட்டு நீயும் வந்திருந்தா நல்லா கேட்டிருப்பே.”

ரெஜினா தட்டில் சோற்றைப் போட்டாள்.

பகலெல்லாம் கரடி வேஷத்துக்குள் வெந்துபோன கை அது. மகள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று நீட்டப் பயந்த அதே கையால் பிசைந்து, ஊட்டிவிட்டாள்.