கட்டில் பார்க்க வந்தவர்கள்

மூவாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி. அந்த நிலையிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கட்டில் கடைக்குள் கணவனும் மனைவியும் துணிந்து நுழைந்தார்கள்.

“இதைவிடப் பெருசா காட்டுங்கண்ணே!” தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் மனைவி.

வெளியே தெருவில் போன ஒரு பெண் நின்றாள். “வேலை போயிடுமோன்னு நாம கையை இறுக்கிக்கிட்டு இருக்கோம். இவங்க கட்டிலே வாங்கறாங்களே! நிலைமை தேவலைபோல. வாங்க, நாமளும் பார்ப்போம்,” என்று தன் கணவனை இழுத்தாள்.

அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மாலைக்குள் மூன்று கட்டில்கள் விற்றன.

கூட்டம் கலைந்ததும் கடைக்காரர், முதலில் வந்தவனிடம் மூவாயிரத்து இருநூறை நீட்டினார். “இந்தாப்பா, உன் சுமைக்கூலி பாக்கி. உன் பொண்டாட்டி யோசனை பலிச்சிடுச்சு. நாளைக்கும் வந்து வாங்கற மாதிரி பேரம் பேசுங்க.”

“அதுக்கு ஏது முதலாளி நேரம்?” துண்டை உதறித் தலையில் கட்டினான் அவன். “மூணு கட்டிலையும் நான்தானே தூக்கணும்!”